ஓட்ட நோட்டு

கோயம்புத்தூர்
நவம்பர் 9

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. கெண்டைக்காலுக்கு முன்னால் எலும்பை ஒட்டி வலி, மாடிப்படி இறங்கும்போது உயிர் போகிறது என்று எழுதியிருந்தாய். அதைவிட அடுத்த வரிதான் எனக்குக் கவலை: "மாரத்தானுக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு, கிலோமீட்டரை ஏத்தணும்." வேண்டாம்டா.

நீ வாரக் கணக்குப் பார்க்கிறாய். வருஷக் கணக்கைப் பார். ஆர்தர் லிடியார்டைப் பற்றி உன்னிடம் சொன்னேனா? நியூசிலாந்துக்காரர், ஆக்லாந்தில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர். எவ்வளவு ஓடினால் உடம்பு தாங்கும் என்று வருஷக்கணக்காகத் தன் கால்களிலேயே சோதித்து, வாரம் 160 கிலோமீட்டர் என்று முடிவுக்கு வந்தார். மாரத்தான் ஓடுகிறவர்களுக்கு மட்டுமல்ல, 800 மீட்டர் ஓடிய பீட்டர் ஸ்னெலுக்கும் அதே கணக்குதான். ஞாயிறுதோறும் வைடாகரே மலைப்பாதையில் 35 கிலோமீட்டர். இப்படிப் பத்து வாரம், வேகப் பயிற்சியே கிடையாது. பெருக்கினால் 1,600. சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பினாலும் அவ்வளவு வராது! பிறகு சில வாரம் மேட்டு ஓட்டம். டிராக்கில் கால் வைப்பது அதற்கும் பிறகு.

1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெலுக்குத் தங்கம். அன்றைக்கே லிடியார்டின் இன்னொரு சீடர் முர்ரே ஹால்பெர்க்குக்கும் 5,000 மீட்டரில் தங்கம். ஆனால் என்னை உலுக்கியது வேறு. 1961 டிசம்பரில் ஸ்னெல் முழு மாரத்தான் ஓடினார். அடுத்த மாதமே நியூசிலாந்தின் வாங்கனுய் ஊரில் ஒரு மைலை 3 நிமிடம் 54.4 விநாடியில் ஓடி உலக சாதனை. ஒரு வாரம் கழித்து 800 மீட்டரிலும் சாதனை, 1:44.3. இரண்டுமே புல்தரையில்! அந்த வேகத்தை அவர் மலைப்பாதையில் மெதுவாகச் சேர்த்து வைத்திருந்தார்.

நமக்கு 160 எல்லாம் ஆகாது. ஓடிய தூரத்தை எழுதிவைக்கும் என் ஓட்ட நோட்டைப் புரட்டினேன். நன்றாக ஓடிய வருஷத்தில் ஒரு வாரம்கூட 50 தாண்டவில்லை, ஆனால் ஒரு பக்கமும் காலியில்லை. எனக்கு வலி வந்த வருஷத்தில் ஜூன், ஜூலை வெறும் பக்கங்கள். ஆகஸ்டில் திடீரென்று வாரம் 70.

ஜனவரி ஓட்டத்தை விட்டுவிடு. வலி முழுசாகப் போகட்டும். பிறகு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஆரம்பி. பொங்கலுக்கு இங்கே வா, ரேஸ்கோர்ஸில் விடியற்காலை இரண்டு சுற்று சேர்ந்து போகலாம். நோட்டு ஒன்று உனக்காக வாங்கி வைத்திருக்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
சந்திரன்