ஏழு கிணற்றுக்குச் செப்டம்பரில் வா

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. மகளின் பிரசவத்துக்காக மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் உடனே எழுத முடியவில்லை. பேத்தி பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் நலம். கமலத்திடம் சொல்லிவிடு, சந்தோஷப்படுவாள்.

நீ எழுதியிருந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லாமல் எனக்கு ஆறவில்லை. "லங்காவியில் அருவி இருக்கிறதென்று சொல்லி ஏமாற்றுகிறார்கள், ஈரப் பாறையைத்தான் பார்த்துவிட்டு வந்தோம்" என்று எழுதியிருந்தாய். சீனப் பெருநாள் விடுமுறையில் போனால் வேறென்ன பார்ப்பாய்? ஜனவரியும் பிப்ரவரியும் அந்தத் தீவுக்குக் கோடை. கடல் அமைதியாக இருக்கும், வானம் பளிச்சென்று இருக்கும், ஊரே அப்போதுதான் அங்கே திரளும். அருவிக்கு அது ஆகாத காலம். நீ பார்த்த தெமுருன் அருவி அந்த மாதங்களில் பாறையில் வழியும் ஒரு கோடாகச் சுருங்கிவிடும். நீ ஏமாந்தது உண்மைதான், ஆனால் அருவி உன்னை ஏமாற்றவில்லையடா.

தீவில் ஆறு என்பதே குட்டையானது. தெமுருன் இறங்குகிற மாட் சின்சாங் மலை 700 மீட்டருக்கு மேல். அந்த உச்சியில் விழுந்த மழை சில கிலோமீட்டரில் கடலைத் தொட்டுவிடுகிறது. பேராக் ஆறு மாதிரி எங்கோ தொலைவில் பெய்த மழையைச் சேர்த்துக்கொண்டு வர அதற்கு வழியில்லை. காட்டு மண்ணும் வேர்களும் பிடித்து வைத்திருக்கிற ஈரம் கசியும் வரைதான் ஓட்டம். அதனால்தான் மழை நின்று சில வாரம் போனால் அருவி மெலிந்துவிடுகிறது. பெருமழை பெய்தாலோ சற்று நேரத்தில் அதே ஓடை ஆளை அடித்துக்கொண்டு போகும். இந்த இரண்டாவது சங்கதியை நான் கண்ணால் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

போன அக்டோபரில் தம்பி குடும்பத்தோடு லங்காவியின் டுரியான் பெராங்கின் போயிருந்தோம். குனோங் ராயா மலையின் சரிவில், காட்டுக்குள் படிப்படியாக இறங்குகிற அருவி. யானை படுத்திருப்பது போன்ற கருங்கல் உருண்டைகள், இடையிடையே குளங்கள். தண்ணீர் அவ்வளவு தெளிவு. அடியில் கிடந்த இலையின் நரம்பு தெரிந்தது. காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் பொடி மீன்கள் வந்து விரலைக் கொத்தும். தம்பி பேரன் சிரித்துச் சிரித்துக் காலை இழுத்துக்கொள்வான், மறுபடி நீட்டுவான். எங்கள் தலைக்கு மேலே நல்ல வெயில். மலை உச்சியில் மட்டும் கருமேகம் கவிந்திருந்தது. அதை நாங்கள் யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

முதலில் நாலைந்து பழுத்த இலைகள் மிதந்து வந்தன. பிறகு சுள்ளிகள். தண்ணீர் சட்டென்று சில்லிட்டது. சற்று முன்பு கண்ணாடியாக இருந்த குளம் மெல்லத் தே ஓ, பால் விடாத தேநீர், நிறத்துக்கு மாறியது. நான் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன், செல்வம். மேலே படியில் நின்ற ஒரு மாக்சிக்தான், மலாய் அம்மாள், "நாயேக்! நாயேக்!" (ஏறுங்கள்! ஏறுங்கள்!) என்று அலறினார். அந்தக் குரலில் இருந்த பதற்றம் எங்களைத் தூக்கி நிறுத்தியது. பையனை இடுப்பில் அள்ளிக்கொண்டு தம்பி ஏறினான், செருப்புகளை விட்டுவிட்டு நான் ஏறினேன். படியில் நின்று திரும்பிப் பார்த்தபோது நாங்கள் உட்கார்ந்திருந்த கல்லைக் காணவில்லை. கல் இருந்த இடத்தில் பழுப்பு நிற நீர் நுரைத்துக்கொண்டு போனது. அடியில் கற்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் வயிற்றுக்குள் கேட்டது. அந்த மாக்சிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு என் மனைவி அழுதுவிட்டாள்.

மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள், தண்ணீரின் தலை. பேர் வைத்தவனுக்கு அதை நன்றாகத் தெரிந்திருக்கிறது. தலை நீட்டிக்கொண்டுதான் வருகிறது. 2021 ஆகஸ்டில் கெடாவின் குனோங் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய நீர், மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு யான் பக்கத்து ஊர்களில் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனதே, நினைவிருக்கிறதா? அதே இனம்தான் இதுவும். ஆகவே நீ வரும்போது ஒன்றை மட்டும் கேள்: குளத்தைப் பார்க்குமுன் மலையைப் பார். உச்சியில் கறுத்திருந்தால் இறங்காதே. இறங்கியபின் இலையும் சுள்ளியும் வந்தாலோ, நீர் கலங்கினாலோ, பையைக்கூட எடுக்காமல் மேலே ஏறிவிடு. உன் காலில் ஆறாத புண் இருக்கிறதென்று கமலம் சொன்னாள். அது ஆறாமல் தண்ணீரில் வைக்காதே, எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது.

பயமுறுத்துகிறேன் என்று நினைத்து வராமல் இருந்துவிடாதே. மறுநாள் காலை வானம் தெளிந்திருந்தது. தெலாகா துஜோவுக்கு, அதாவது ஏழு கிணற்றுக்கு, போனோம். கேபிள் கார் ஏறுமிடத்துக்கு அருகிலேயே பாதை தொடங்குகிறது. 600 படிக்கு மேல் இருக்கும். பாதி வழியில் ஒரு கிளை பிரிந்து அருவியின் அடிக்குப் போகிறது. முட்டி வலிக்கிறவர்களுக்கு அதுவே போதும். ஏறக்குறைய 90 மீட்டர் உயரத்திலிருந்து பாறை முகத்தை ஒட்டி வெள்ளை வெள்ளையாக இறங்குகிறது. நின்ற இடத்திலேயே சட்டை நனைந்துவிட்டது. உச்சிக்குப் போனால் ஏழு குளங்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுவழுவென்ற பாறைச் சரிவில் நீர் வழுக்கிப் போகிறது. பையன்கள் உட்கார்ந்து சறுக்குகிறார்கள். கடைசிக் குளத்தைத் தாண்டி வேலி போட்டிருக்கிறார்கள், அதற்கு அப்பால் பாதாளம். அங்கிருந்து பார்த்தால் காடு, அதற்கப்பால் கடல்.

தேவதைகள் வந்து குளித்த கிணறுகள் என்று அங்கே சொல்கிறார்கள். கூந்தல் கழுவ அவர்கள் விட்டுச்சென்ற சிந்தோக் கொடியும் எலுமிச்சையும் இன்னும் காட்டில் இருப்பதாக நம்பிக்கை. கேட்டதும் எனக்கு உன் பாட்டி நினைவு வந்தார். எஸ்டேட் ஓடைக்கரையில் ஏழு கல் நட்டு, மஞ்சள் பூசி, கன்னிமார் இறங்கிக் குளிக்கிற இடம், செருப்போடு போகாதே என்று நம்மை விரட்டுவாரே! எண்ணிக்கைகூட மாறவில்லை பார். அந்த ஓடையை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, எங்கே ஓடுகிற தண்ணீரைக் கண்டாலும் சற்று நின்றுவிடுகிறேன்.

இறங்கும்போது ஒரு கறுங்குரங்குக் கூட்டம் பாதைக்கு மேலே கொழுந்து தின்றுகொண்டிருந்தது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மூக்குக்கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி. அவை சாது. கீழே கார் நிற்கிற இடத்துக் குரங்குகள் அப்படியில்லை. கையில் பிளாஸ்டிக் பை கண்டால் பறித்துவிடும். இருவாச்சி பறக்கிற சத்தமும் கேட்டது. ஆளைக் காணமுடியவில்லை.

செப்டம்பர் மாதத்தில் வா. மழைக்காலம்தான், ஆனால் மதியத்துக்கு முன் பெரும்பாலும் வானம் விட்டுக்கொடுக்கும். காலை ஏழரைக்கே மலையில் இருந்துவிட வேண்டும். தெமுருனை அப்போது உனக்குக் காட்டுகிறேன். அது இறங்குகிற மாட் சின்சாங் 50 கோடி ஆண்டுக்கு முந்தைய பாறை கொண்ட மலை, இந்த நாட்டிலேயே அதைவிடப் பழையது இல்லை. தண்ணீர் இல்லாத நாளில் நீ பார்த்த அந்த வெறும் பாறையையும் திரும்ப ஒருமுறை பார்க்கத் தோன்றும். கமலத்துக்குக் கடல் ஒத்துக்காது, அலை இருக்கும் காலம் வேறு. குவாலா கெடாவை விட்டுவிடு. குவாலா பெர்லிஸில் படகு ஏறுங்கள், கடலில் இருக்கும் நேரம் குறைவு.

திரும்பும்போது ஒருநாள் என்னோடு மெர்போக்குக்கு வரவேண்டும். குனோங் ஜெராய் அடிவாரத்தில், ஓடைக்குப் பக்கத்திலேயே பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டி புக்கிட் பத்து பாஹாட் நிற்கிறது. கல்லடுக்கிய அந்தக் கோயில் மேடையில் உட்கார்ந்தால் ஜெராயிலிருந்து இறங்கும் தண்ணீரின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ராஜேந்திர சோழன் 1025-இல் படையனுப்பிய கடாரம் இந்தப் பக்கம்தான். கட்டியவர்களும் கும்பிட்டவர்களும் போய்விட்டார்கள். அவர்கள் கேட்ட சத்தத்தை நாமும் கேட்கலாம்.

தேதி முடிவானதும் ஒரு போன் போடு. வழுக்காத செருப்பு வாங்கிக்கொள், வாரோடு இருக்கட்டும். அந்த மாக்சிக்குக்குக் கொடுக்க உன் தோட்டத்து முருங்கைக்காய் கொஞ்சம் கொண்டு வா.

அன்புடன்,
முருகையன்