கம்பளி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், எங்கள் தமிழ் வகுப்புப் பெற்றோருக்கும் வணக்கம்.

நேற்று மாலை தங்கையை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். காலில் கட்டோடுதான் வந்திருக்கிறாள். வந்ததும் ரசம் கேட்டாள். இரண்டு கரண்டி குடித்தாள், தூங்கிவிட்டாள். அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மலையில் தங்கை காலில் அடிபட்டு, அவளும் நானும் இரவெல்லாம் குளிரில் மேலேயே மாட்டிக்கொண்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த இரவில் உங்களில் பாதிப் பேர் கண்ணை மூடவே இல்லை என்பது எனக்கும் தெரியும். அதை மறுபடி சொல்ல என்னிடம் தெம்பில்லை. நன்றி சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பு மட்டும் இருக்கிறது.

வகுப்புப் பிள்ளைகளின் பயணத்தை இப்படி அமைத்தது நான்தான். முதல் நாள் தென்னாப்பிரிக்காவின் இந்தப் பக்கத்துப் பழைய நகரமான பீட்டர்மாரிட்ஸ்பர்க், பிறகு டிராகன்ஸ்பர்க் மலை. ஊர் பார்ப்பது வேறு, மலை ஏறுவது வேறு, இரண்டையும் ஏன் ஒன்றாகக் கட்டுகிறீர்கள் என்று சிலர் அப்போதே கேட்டார்கள். கடலோரத்து டர்பனில் காலையில் தூங்கி எழுந்து ஒரே மூச்சில் மூவாயிரம் மீட்டருக்குப் போனால் தலை வலிக்கும், வயிறு புரட்டும். வழியில் நின்று நின்று போவதுதான் உடம்புக்கு நல்லது. அதைவிட, நம் பிள்ளைகள் அந்த ஊரைக் கால்நடையாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. இப்போதும் அந்தத் திட்டம் தவறென்று நான் நினைக்கவில்லை. வெயிலைப் பார்த்து ஏமாந்து, கனத்த கோட்டுகளைக் கீழே பஸ்ஸில் மூட்டையோடு விட்டுவிட்டு ஏறச் சொன்னேனே, அதுதான் தவறு. அது என் தவறு.

முதல் நாள் நடந்ததைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். ரயில் நிலையத்தின் பழைய காத்திருப்பு அறையில் பிள்ளைகளை உட்கார வைத்து அந்தக் கதையைச் சொன்னேன். 1893 ஜூன் 7 இரவு, முதல் வகுப்பு டிக்கெட் கையில் இருந்தும் ரயிலிலிருந்து தள்ளி இறக்கப்பட்ட 23 வயது காந்தி. ஜூன், ஜூலை இங்கே குளிர்காலம்; கடுங்குளிர். மேல்கோட்டு மூட்டைக்குள் இருந்தது, மூட்டை ரயில்வே ஆட்களிடம் இருந்தது. கேட்டால் இன்னொரு முறை அவமானப்படுத்துவார்களோ என்று கேட்காமலேயே, விளக்கில்லாத அறையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். நள்ளிரவில் ஒரு பயணி உள்ளே வந்தாராம். பேச நினைத்திருக்கலாம், ஆனால் தான் பேசும் நிலையில் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். இதைச் சொன்னதும் வகுப்பிலேயே சின்னவள், பத்து வயதுக்காரி, கை தூக்கினாள்.

"அந்தப் பயணியிடம் கோட்டு இருந்ததா, டீச்சர்?"

தெரியாதம்மா என்றேன். வேறென்ன சொல்ல? சர்ச் தெருவில் 1993இல் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு திறந்துவைத்த சிலைக்கு நடந்தோம். செங்கல் நகர மண்டபத்தைப் பார்த்தோம். காந்தியின் போராட்டத்தில் சேர்ந்த தில்லையாடி வள்ளியம்மை 1913 இறுதியில் இந்த ஊர்ச் சிறைக்குத்தான் வந்தாள், அங்கே பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்துபோனாள் என்று சொன்னபோது பெரிய பிள்ளைகள் கூட வாய் திறக்கவில்லை. அவர்கள் வயதுதான் அவளுக்கும். ஆனால் சின்னவள் மட்டும் நாள் முழுவதும் கோட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மலையடிவார விடுதியில் தங்கி, அதற்கு அடுத்த நாள் விடிந்ததும் ஏறத் தொடங்கினோம். சென்டினல் சிகரத்துக்குக் கீழே கார் நிறுத்தும் இடமே 2,500 மீட்டருக்கு மேல். வளைந்து வளைந்து போகும் பாதை, அதன் பிறகு பாறையில் அடித்து வைத்திருக்கும் அந்தச் சங்கிலி ஏணிகள். 1930 முதல் அவை அங்கே தொங்குகின்றன. ஏறி முடித்தால் மேலே தட்டையான புல்வெளி. அங்கிருந்துதான் துகேலா அருவி 948 மீட்டர் கீழே விழுகிறது. அருவியின் விளிம்பில் நின்று என் தங்கை, "அக்கா, இதைப் பார்க்காமல் செத்திருப்பேனே" என்றாள். அதற்குள் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்துகொண்டிருந்தது. ஜூலை மாதப் பகல் மிகவும் குறுகியது.

பிள்ளைகளை வழிகாட்டியோடு கீழே அனுப்பிவிட்டு, அவளும் நானும் பாறையடியில் ஒதுங்கிய பிறகு நடந்ததைத்தான் உங்களில் பலர் சரியாகக் கேள்விப்படவில்லை.

முதலில் வந்தவை இரண்டு நாய்கள். அவற்றின் பின்னால் பனிக்குள் ஒரு உருவம். கம்பளி போர்த்தி, கையில் தடியோடு. மறைக்காமல் சொல்கிறேன்: நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மேலே தனியாக இருப்பவர்களிடம் திருடுவார்கள் என்று யாரோ சொன்னது காதில் இருந்தது. அவன் கிட்டே வந்து, "துமேலா, ம்மே" என்றான். சேசோத்தோ மொழியில் வணக்கம் அம்மா என்று பொருள் என்பது எனக்கு இப்போது தெரியும். அப்போது என் காதில் "அம்மே" மட்டும்தான் விழுந்தது. என் கை தளர்ந்தது.

பதினாறு, பதினேழு வயதுக்கு மேல் இருக்காது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் லெசோத்தோ நாட்டிலிருந்து வந்த இடையன். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். தங்கையின் காலைக் குனிந்து பார்த்தான். அவள் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. தோளில் குத்தியிருந்த பெரிய ஊக்கைக் கழற்றினான். கம்பளியை எடுத்து அவளைச் சுற்றி, தலையையும் சேர்த்து மூடி, அதே ஊக்கை அவள் தோளில் குத்திவிட்டான். கம்பளிக்குள் அவன் போட்டிருந்தது முழங்கை கிழிந்த ஒரு ஸ்வெட்டர். வேண்டாம் தம்பி, உனக்கு வேண்டாமா என்று நான் தமிழில் கத்தினேன். ஆங்கிலத்திலும் சொன்னேன், தெரிந்த நாலு சூலு வார்த்தைகளிலும் சொன்னேன். அவன் கையை அசைத்துவிட்டு, காற்று வரும் பக்கமாகப் போய், எங்களுக்கு மறைப்பாக உட்கார்ந்தான். நாய்களை அவள் காலடியில் படுக்கச் சொன்னான். அவை படுத்துக்கொண்டன.

விடியும் வரை அவன் அங்கேதான் இருந்தான். சட்டைப்பையிலிருந்து ஆறிப்போன சோளக்களியை எடுத்து மூன்றாகப் பிட்டான். ஏன் இந்த நேரத்தில் இங்கே என்று சைகையில் கேட்டேன். இரண்டு விரலைக் காட்டி, ஆடு மாதிரிக் கத்திக் காட்டினான். தொலைந்துபோன இரண்டு ஆடுகளைத் தேடி வந்தவன், தேடுவதை விட்டுவிட்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டான். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து, இரண்டு விரலை வாயில் வைத்து, கீழ்ப் பக்கம் பார்த்து நீளமாக விசிலடிப்பான். மீட்புக் குழுவினர் எங்களைக் கண்டுபிடித்தது அந்தச் சத்தத்தை வைத்துத்தான். ஏணி வரை வந்தும் பனியில் திசை தெரியாமல் நின்றிருந்ததாக அவர்களே சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்துப் போனவர்களில் சிலர், அது முருகனே வந்தது என்றார்கள். குன்று தோறும் குமரன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள்தான் நானும். ஆனால் அப்படிச் சொல்லாதீர்கள். தெய்வத்துக்குக் குளிராது. அவனுக்குக் குளிர்ந்தது. இரவெல்லாம் அவன் பல் அடித்துக்கொள்ளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தவள் நான்.

வெளிச்சம் வந்து, ஆட்கள் வந்து, தங்கையைப் படுக்கையில் கட்டித் தூக்கிய பரபரப்பில் திரும்பிப் பார்த்தேன். அவன் இல்லை. கம்பளி அவளோடு கீழே வந்துவிட்டது.

மீட்புக் குழுவில் வந்த பெரியவர் ஒருவர் ஒன்று சொன்னார். அந்தப் பையனின் இனமான பசோத்தோ மக்களின் மன்னர் மோஷோஷோவுக்கு ஒரு வணிகர் 1860இல் கம்பளி ஒன்றைப் பரிசளித்தாராம், அவர்கள் கம்பளிப் பழக்கம் அதிலிருந்துதான் வளர்ந்தது என்பார்களாம். 1860! ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து நம் முன்னோரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு வந்து டர்பனில் இறக்கிய வருடம். இத்தனை தலைமுறையாகப் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறோம். அந்தப் பையனுக்கு அவன் மொழியில் நன்றி என்று சொல்ல எனக்கு ஒரு சொல் தெரியவில்லை. மொழி கற்பிப்பவள் நான். இதைவிட என்னை வருத்தியது வேறெதுவும் இல்லை.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். முகம் தெரியாத எங்களுக்காக இருட்டில் ஏணி ஏறி வந்த தன்னார்வலர்கள், பிள்ளைகளை ஒருவர் குறையாமல் கீழே சேர்த்த வழிகாட்டி, இரவு முழுவதும் பஸ்ஸின் விளக்கை மலை பார்க்கத் திருப்பி வைத்திருந்த ஓட்டுநர் அண்ணன், சூப் காய்ச்சி எடுத்து வந்த விடுதிச் சமையல்காரப் பெண்கள், மருத்துவமனையில் தங்கையின் தலையைக் கோதிக்கொடுத்த செவிலியர்கள், பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோயிலில் அவள் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டுப் புளிச்சோறு கட்டி அனுப்பிய அம்மாமார்கள், எங்கள் வீட்டு நாய்க்குச் சோறு வைத்த பக்கத்து வீட்டுத் தம்பி. உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன். கொஞ்சம் நாள் கொடுங்கள்.

கம்பளியை நான் துவைக்கவில்லை. விறகுப் புகையும் ஆட்டு வாசமும் இன்னும் அதில் இருக்கின்றன. அவனுக்கு வேறு கம்பளி இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு இரவும் படுக்கும்போது அதுதான் நினைவுக்கு வருகிறது. இந்த மாதம் அங்கே பனி விழும். வழிகாட்டி மூலம் எல்லையோர ஊர்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். இரண்டு ஆடு தொலைத்த பையன், விசிலடிப்பவன், இரண்டு நாய்கள் என்று அடையாளம் சொல்லியிருக்கிறோம். அடையாளம் தெரிந்த ஒரு பெரியவர் கிடைத்திருக்கிறார் என்று நேற்றுத் தகவல் வந்தது. சனிக்கிழமை விடியற்காலை அண்ணனும் நானும் புறப்படுகிறோம். "கேயா லெபோஹா" என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். நன்றி சொல்கிறேன் என்று பொருள். அடுத்த பருவத்திலிருந்து வகுப்பில் வாரம் அரை மணி நேரம் அந்த மொழி பேசத் தெரிந்த ஒருவரை வரவழைத்துப் பிள்ளைகளோடு நானும் உட்கார்ந்து கற்கப் போகிறேன்.

சின்னவள் நேற்று அவள் அம்மாவோடு வந்தாள். தன் புதுக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தாள், அவனுக்குக் கொடுங்கள் என்றாள். அவன் உன்னைவிடப் பெரியவன் கண்ணு, பத்தாது என்றேன். அப்படியென்றால் அவன் தம்பிக்கு என்றாள். வாங்கி வைத்திருக்கிறேன்.

கம்பளியின் தோள் பக்கத்தில், ஊக்கு குத்திக் குத்திச் சிறிய கிழிசல் ஒன்று இருக்கிறது. அதைத் தைத்துக் கொடுக்கலாமே என்று அண்ணி ஊசியோடு வந்தார். வேண்டாம் அண்ணி, அவன் கை அந்த இடத்தைத்தான் தேடும் என்றேன்.

கண்ணீரோடும் நன்றியோடும்,
உங்கள் தமிழ் டீச்சர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்