எங்கள் மொட்டை மாடிக்கு மேலே ஒரு டாக்ஸி: கும்டாவுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தினருக்கு (கும்டா),

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். நின்ற இடத்திலிருந்தே மேலே எழும்பிப் பறக்கும் மின்சார வண்டியான பறக்கும் டாக்ஸி பற்றி எங்கள் பக்கத்தில் இதுவரை யாரும் வந்து கருத்துக் கேட்கவில்லை. கேட்க வரும்போது எல்லாம் முடிவாகியிருக்கும் என்பது வடசென்னையின் பழைய அனுபவம். அதனால் முந்திக்கொள்கிறேன்.

கிண்டல் செய்ய எழுதவில்லை. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் சத்யா சக்ரவர்த்தி தொடங்கிய, பறக்கும் டாக்ஸி உருவாக்கும் இ-பிளேன் நிறுவனம் நம்ம ஊர்ச் சரக்கு. 2025 பிப்ரவரியில் 788 வான் ஆம்புலன்ஸ் தருவதற்கு அவர்கள் ஒப்பந்தம் போட்டார்கள் என்ற செய்தியைப் படித்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆம்புலன்ஸ் என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் கணக்கு. டெல்லியில் கன்னாட் பிளேஸிலிருந்து குருகிராமுக்கு 7 நிமிடத்தில் பறக்கலாம் என்று இண்டிகோவின் தாய் நிறுவனமும் பறக்கும் டாக்ஸி உருவாக்கும் அமெரிக்காவின் ஆர்ச்சரும் 2023-லேயே அறிவித்தன. அந்த வண்டியில் ஒரு பைலட், 4 பயணிகள். கட்டணம் 2,000, 3,000 ரூபாய் என்று பேச்சு அடிபட்டது. நம்ம மெட்ரோவில் விம்கோ நகரில் ஏறி விமான நிலையத்தில் இறங்க 50 ரூபாய். நான்கு பெட்டி ரயிலில் ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல் ஏறலாம். ஒரு ரயில் கூட்டத்தை வானத்தில் கொண்டுபோக முந்நூறு தடவை பறக்க வேண்டும். காலை எட்டரை மணிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது வாகனமாகாது. அதை நெரிசலுக்குத் தீர்வு என்று மட்டும் எங்களிடம் விற்காதீர்கள். கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைத் தண்ணீர் நின்றால் ஊரே சுற்றிப் போகிறது. அதை வடியவைப்பதுதான் நெரிசல் தீர்வு.

சரி, ஆம்புலன்ஸ். சில வருஷத்துக்கு முன்னால் என் மாமனாருக்கு நடுப்பகலில் நெஞ்சு வலி. ஆம்புலன்ஸில் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொருக்குப்பேட்டையில் கேட் போட்டிருந்தது. சரக்கு ரயில். பின்கண்ணாடி வழியே வேகன்களை எண்ண ஆரம்பித்தேன், நாற்பதோடு விட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரி. சைரன் கத்திக் கத்தி ஓய்ந்து, கடைசியில் டிரைவரே அதை அணைத்துவிட்டார். யாரை விலகச் சொல்வது? மாமனார் பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் கேட் மணி கேட்டால் என் உள்ளங்கை வியர்க்கிறது.

அதனால் என் கோரிக்கை நேரானது. இந்த வண்டி சென்னைக்கு வருமென்றால், முதல் இறங்குதளம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம் வரட்டும். எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் நோயாளியைத் தூக்கி வரட்டும். ஓ.எம்.ஆரிலிருந்து ஏர்போர்ட்டுக்கு லேப்டாப் பையோடு போகிறவர் கொஞ்ச நாள் காத்திருக்கலாம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. மெட்ரோ 2015-ல் கோயம்பேட்டில் ஓட ஆரம்பித்து, திருவொற்றியூரைத் தொட 2021 ஆனது. வரிசை எப்போது மாறியதென்று எங்களுக்குத் தெரியாது.

இனி பயம். விமான நிலையம் தெற்கே இருக்கிறது, இங்கே பெரிய விமானங்களின் நெருக்கடி குறைவு. பறக்கும் பாதை போடுகிறவர் கண்ணுக்கு எங்கள் தலைக்கு மேலிருக்கும் ஆகாயம் காலியாகத் தெரியும். காலியில்லை. காற்றுக் காலத்தில் எங்கள் மாடிகளில் காத்தாடி விடுவதை வந்து பாருங்கள். காத்தாடிக்குக் கட்டும் மாஞ்சா நூலுக்குத் தடை இருக்கிறது, பைக்கில் போனவர் கழுத்தை அது அறுத்த கதையும் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஒருவர் காத்தாடியை இன்னொருவர் அறுக்கும் டீல் போடுவது நிற்கவில்லை. எங்கள் வீட்டுக் கொடிக்கம்பியில் போன வாரம் அறுந்து விழுந்த நூலைச் சுற்றி எடுத்தேன், விரல் கீறிவிட்டது. இதே நூல் தாழ இறங்கும் வண்டியின் விசிறியில் சுற்றினால் என்ன ஆகும் என்று யாராவது இங்கே வந்து சோதித்துப் பார்க்க வேண்டும்.

சத்தம் இன்னொன்று. 500 மீட்டர் உயரத்தில் பறக்கையில் 45 டெசிபல்தான் என்று, பறக்கும் டாக்ஸி உருவாக்கும் அமெரிக்காவின் ஜோபி நிறுவனம் நாசாவோடு சேர்ந்து அளந்து 2022-ல் சொன்னது. இருக்கலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த உயரம் இருக்காதே! இறங்குதளத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஜன்னல் திறந்திருக்கும் வீட்டுக்குள் வைத்து அளந்த கணக்கு வேண்டும்.

1977 மே மாதம் நியூயார்க்கில் பான் ஆம் கட்டடத்து மாடியில் நின்றிருந்த ஹெலிகாப்டரின் சக்கரக்கால் முறிந்து வண்டி சாய்ந்தது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மாடியில் நான்கு பேர் செத்தார்கள். உடைந்த துண்டு கீழே விழுந்து, தெருவில் நடந்துபோன ஒரு பெண்ணும் செத்தார். அவர் டிக்கெட் வாங்கியவர் இல்லை. எங்கள் கேள்வியெல்லாம் அவரைப் பற்றியதுதான். பறக்கிறவருக்கு இன்சூரன்ஸ் இருக்கும். கீழே மீன்கூடையோடு போகிறவருக்கு யார் பொறுப்பு என்பதை அனுமதிப் பத்திரத்திலேயே எழுதுங்கள். கம்பெனி கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து. ஜெர்மனியின் பறக்கும் டாக்ஸிக் கம்பெனிகளான லிலியமும் வோலோகாப்டரும் 2024-ல் ஒன்றன்பின் ஒன்றாகத் திவால் மனு போட்டவைதான்.

தளத்துக்கு இடம் பார்க்கும் முன் உங்கள் அதிகாரி ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மாடிக்கு அனுப்புங்கள். டீ எங்கள் செலவு. கிளம்பும்போது மட்டும் ரயில்வே கேட்டுக்கென்று அரைமணி சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டைவாசி ஒருவன்