பெண்ணிய ஆய்வு: ஒரு மறுப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு உங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெண்ணிய நோக்கில் செய்யப்படும் சமூகவியல் ஆய்வுகள் முடிவை முதலில் எழுதி வைத்துக்கொண்டு ஆதாரம் தேடுகின்றன என்கிறார் கட்டுரையாளர். அப்புறம், சினிமாவிலும் தொடர்களிலும் பெண்களே முன்னால் நிற்கும் காலத்தில் இன்னும் என்ன குறை என்றும் கேட்கிறார். நான் கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறவள். இரண்டுக்கும் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பெண்ணியம் வருவதற்கு முன்பு ஆய்வுகள் நடுநிலையாக நடந்தன என்ற எண்ணமே தவறு. ஒரு குடும்பம் எந்த வர்க்கத்தைச் சேர்ந்தது என்று முடிவு செய்ய, கணவனின் தொழிலைக் கேட்பார்கள். மனைவியையும் அதிலேயே சேர்த்துவிடுவார்கள். அவளுக்குச் சொந்தமாக ஒரு வேலை இருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஜான் கோல்ட்தார்ப் 1983இல்கூட இந்தப் பழைய முறைதான் சரி என்று வாதாடி எழுதினார். யாரும் அதைக் கருத்துத் திணிப்பு என்று சொல்வதில்லை.

வீட்டு வேலையை வேலையாகவே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தவர் பிரிட்டிஷ் பெண் சமூகவியலாளர் ஆன் ஓக்லி. எத்தனை மணி நேரம் உழைக்கிறீர்கள், ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது சலிக்கிறதா, தனிமையாக இருக்கிறதா என்று, தொழிற்சாலைத் தொழிலாளியிடம் கேட்பதையெல்லாம் இல்லத்தரசிகளிடம் கேட்டார். லண்டனில் 40 பேரிடம் பேசி 1974இல் அவர் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்குச் சராசரியாக 77 மணி நேர உழைப்பு என்று வந்தது. 40 பேர் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி நிலைத்துவிட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கைப்படி, கூலியில்லாத வீட்டு வேலையிலும் பராமரிப்பிலும் உலகப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 1 மணி 23 நிமிடம்.

ஓக்லி செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். பேட்டி காண்பவர் கேள்வி மட்டுமே கேட்க வேண்டும், எதிரில் இருப்பவர் ஏதாவது கேட்டால் மழுப்பிவிட்டு நகர வேண்டும் என்பதுதான் அன்றைய பாடநூல்கள் சொன்ன நடுநிலை. முதல் குழந்தையை எதிர்பார்த்திருந்த பெண்களை அவர் அடுத்தடுத்துச் சந்தித்தபோது, அவர்கள் திருப்பிக் கேட்ட கேள்விகளையும் குறித்து வைத்தார். மொத்தம் 878. குழந்தை எந்தத் துவாரம் வழியாக வெளியே வரும் என்று கேட்டவர்கூட உண்டு. இதைக் கேட்கிற பெண்ணிடம் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போக எந்த மனிதருக்காவது மனசு வருமா? ஓக்லி தெரிந்ததைச் சொன்னார். தான் சொன்னதையும், ஏன் சொன்னேன் என்பதையும் எழுதி வெளியிட்டார். மறைக்காமல் எழுதியதைத்தான் நான் நேர்மை என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

என் வகுப்பில் வீட்டில் யாராவது ஒருவரின் ஒரு நாளைப் பதிவு செய்து வரச் சொல்வது வழக்கம். அரை மணிக்கு ஒரு கட்டம். ஒரு மாணவன் தன் அம்மாவைப் பற்றி எழுதி வந்தான். காலை ஆறரைக் கட்டத்தில் 'சமையல்' என்று எழுதி, பக்கத்திலேயே 'தங்கையைக் கிளப்புவது' என்று சேர்த்து, இடம் போதாமல் ஓரத்தில் பென்சிலால் 'பாட்டிக்கு மாத்திரை, நடுவில் வாஷிங் மெஷின்' என்று எழுதியிருந்தான். "இதில் எதை முக்கிய வேலைன்னு போடறது மேடம்?" என்று கேட்டான். ஆய்வாளர்களைப் பல காலமாகப் படுத்தும் கேள்வி அது. கட்டத்துக்கு ஒரு வேலை என்று எழுதினால், வேறொன்றைச் செய்துகொண்டே பிள்ளையையும் முதியவரையும் கவனிக்கும் உழைப்பு கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

சரி, திரைக்கு வருகிறேன். ஒரு படத்தில் இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், அவர்கள் தங்களுக்குள் பேச வேண்டும், அந்தப் பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது என்ற அளவுகோலை இன்று பலரும் சான்றிதழ் மாதிரி நீட்டுகிறார்கள். அது அமெரிக்கச் சித்திரக்கதை ஓவியர் அலிசன் பெக்டெல் 1985இல் வரைந்த ஒரு சித்திரக்கதையில் வந்தது, ஒரு தோழி சொன்ன யோசனை அது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதில் தேறிவிட்டால் படம் பெண்ணியப் படமாகிவிடாது. எனக்கு அதைவிட உதவுவது சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1970களில் விளம்பரப் படங்களை வைத்துச் செய்த ஆய்வு. அவர் கைகளைப் பார்த்தார். ஆணின் கை பொருளைப் பிடித்து எதையாவது செய்கிறது. பெண்ணின் விரல்கள் அதே பொருளை மெல்லத் தடவுகின்றன. சமையலறையிலோ குழந்தை பக்கத்திலோ ஆணைக் காட்டினால், ஒன்று அவன் சும்மா நிற்கிறான், இல்லை தடுமாறிச் சிரிப்பு மூட்டுகிறான். குழந்தைக்குச் சட்டை மாட்டத் தெரியாத அப்பா இன்றைய விளம்பரங்களிலும் வந்துகொண்டுதான் இருக்கிறார். கதாநாயகி பத்துப் பேரை அடித்துவிட்டு வீடு திரும்பும்போது வீடு துடைத்து வைத்தது போல் இருக்கிறது. துடைத்தது யார் என்று எந்தக் காட்சியும் சொல்வதில்லை. என் மனக்குறை அங்கேதான் இருக்கிறது.

உங்கள் சினிமா பக்கத்தில் விமர்சனம் எழுதுகிறவர்கள், கதாநாயகியின் துணிச்சலோடு, அந்த வீட்டில் யார் கையில் என்ன வேலை இருந்தது என்பதையும் ஒரு வரி எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையாளர் விரும்பினால், மாணவர்களின் சம்மதத்தோடு, பெயர்களை எடுத்துவிட்டு, அந்த நேரப் பதிவுத் தாள்களை அனுப்பிவைக்கிறேன். அவர் படித்துவிட்டு மறுத்து எழுதினாலும் சந்தோஷமே.

இப்படிக்கு,
ஒரு சமூகவியல் ஆசிரியை