டீம் செர்ரிக்கு: சண்டை கடினமாகவே இருக்கட்டும், நடையைக் குறையுங்கள்

டீம் செர்ரி குழுவினருக்கு,

வணக்கம்.

2025 செப்டம்பர் 4 அன்று உங்கள் 'சில்க்சாங்' கேம் விற்பனைக்கு வந்தபோது ஸ்டீம் தொடங்கி பல இணையக் கடைகள் திணறி நின்றன. 20 டாலர் விலையில், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் அடிலெய்டில் உட்கார்ந்து செய்த கேம் அது. இத்தனை பேரை வாசலில் காத்திருக்க வைத்தது உங்கள் முதல் கேம்தான். 2014-இல் மக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டீர்கள், அதைவிட நன்றாகவே கிடைத்தது, 2017 பிப்ரவரியில் 'ஹாலோ நைட்' வந்தது. அப்புறம் நான்கு விரிவாக்கங்களைக் காசு வாங்காமலே கொடுத்தீர்கள். ஹார்னெட் என்ற பாத்திரத்தை வைத்து இன்னொரு விரிவாக்கம் செய்யப் போய், அது வளர்ந்து தனிக் கேமாகி, 2019 பிப்ரவரியில் அறிவித்ததிலிருந்து ஆறரை வருடம் ஆனது. தாமதத்தைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அந்த வருடங்கள் எங்கே போயின என்பது சில்க்சாங்கின் உலகமான ஃபார்லூமின் ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது.

இப்போது 'சீ ஆஃப் ஸாரோ' என்ற விரிவாக்கம் 2026-இல் வரும், அதுவும் இலவசம் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதை நீங்கள் செதுக்கி முடிப்பதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

சில்க்சாங் வந்த முதல் வாரத்திலேயே ஆட்டக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். 'ரொம்பக் கஷ்டம், எளிதாக்குங்கள்' என்று ஒரு கட்சி. 'ஆடத் தெரியாவிட்டால் கற்றுக்கொள்' என்று இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் இல்லை. உங்கள் பாஸ்கள், அதாவது வழி மறிக்கும் பெரிய எதிரிகள், கடினமாக இருக்கிறார்கள், அப்படியே இருக்கட்டும். என் குறை, அந்த பாஸ்களுக்கு வெளியே என் நேரத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிறைய. ஹாலோ நைட்டில் வீரன் நேர்கீழே வாளை வீசி எதிரியின்மேல் துள்ளுவான். ஹார்னெட்டோ ஆரம்பத்தில் கிடைக்கும் ஹன்டர் சின்னத்தோடு சாய்வாகத்தான் பாய்கிறாள். பழைய கேமில் பழகிய விரல்களுக்கு இது எரிச்சல் மூட்டுகிறது. ஹன்டர்ஸ் மார்ச் பகுதியில் அந்தச் சிவப்புப் பூக்கள்மேல் துள்ளித் துள்ளிப் போகவேண்டிய இடத்துக்கு வரும்போது, நேராகக் குத்த நினைத்த கை கோணத்தைக் கணக்குப் போட ஆரம்பிக்கிறது. எதிரியின் தலைக்கு மேலே போய் நிற்கத் தேவையில்லை, கொஞ்சம் தள்ளி நின்றே பாயலாம் என்று பிடிபடும் நேரத்தில் மொத்தச் சண்டையின் வடிவமே மாறிவிடுகிறது. பிடிக்காதவர்களுக்கு வான்டரர் சின்னத்தில் பழைய நேர்க்குத்தையும் வைத்திருக்கிறீர்கள். சின்னத்தை மாற்றினால் வீச்சு, வேகம், துள்ளும் விதம் எல்லாமே மாறுகின்றன. ஹாலோ நைட்டில் அணிந்துகொள்ளும் சார்ம் என்ற தாயத்துகள் ஆடும் முறையை இவ்வளவு ஆழமாகத் தொடவில்லை.

காக்வொர்க் டான்சர்ஸ் சண்டையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். இயந்திர நடனக்காரர்கள் இருவரும் ஒரே தாளத்துக்கு அசைகிறார்கள். அடி எப்போது விழும் என்பதை இசையமைப்பாளர் கிறிஸ்டஃபர் லார்கினின் இசையே சொல்லிவிடுகிறது. கட்டத்துக்குக் கட்டம் தாளம் வேகம் பிடிக்கிறது, நாமும் அவர்களோடு மூன்றாவது ஆளாக ஆட ஆரம்பித்துவிடுகிறோம். இருவரில் ஒருவர் சாய்ந்தபின் மற்றவர் தனியாக, துணை இல்லாத அதே அசைவுகளைத் தட்டுத்தடுமாறிச் செய்கிறார். வசனம் ஒன்றுகூட இல்லை. கதை, இசை, ஆட்டம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்வதை இவ்வளவு சுத்தமாக நான் வேறு கேமில் பார்த்த ஞாபகம் இல்லை.

மேப் விற்கும் ஷாக்ராவின் பாட்டு தூரத்தில் கேட்கும்போது வரும் நிம்மதியும், நீடோலின் என்ற இசைக்கருவியை வாசித்தால் வழியில் நிற்கும் பூச்சிகள் கூடவே பாடுவதும் தனி மடலுக்கு உரியவை. சரி, குறைக்கு வருகிறேன்.

லாஸ்ட் ஜட்ஜ் என்ற பாஸை எடுத்துக்கொள்வோம். மணிகளை அடித்துவிட்டு சிட்டாடல் என்ற கோட்டையின் வாசலுக்கு வந்து நிற்கிறோம். எரியும் தூபக்காலைச் சங்கிலியில் சுழற்றிக்கொண்டு ஒருத்தி வழி மறிக்கிறாள். அருமையான சண்டை. அவள் கை எங்கே ஓங்குகிறது என்று பார்த்தால் தூபக்கால் எங்கே விழும் என்று தெரியும். தீ எழும்போது எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதும் கொஞ்ச நேரத்தில் பிடிபடும். செத்த பிறகும் வெடிக்கிறாள், ஜெயித்த சந்தோஷத்தில் பக்கத்திலேயே நின்றால் நாமும் போய்ச் சேரவேண்டியதுதான். அந்தக் குறும்பை நான் ரசித்தேன்.

ஆனால் அவளிடம் தோற்றால் என்ன ஆகிறது? பிளாஸ்டட் ஸ்டெப்ஸ் பகுதியில், இளைப்பாறிய பெஞ்சில் மறுபடி உயிரோடு எழுந்து, காற்றடிக்கும் மேடைகளில் தாவி, மணலுக்குள்ளிருந்து பாயும் பிராணிகளுக்குத் தப்பி, துளைக்கருவி மாதிரி மூக்கை நீட்டிக்கொண்டு வரும் பூச்சிகளை ஒதுக்கி, மறுபடியும் அவளிடம் வரவேண்டும். முதல் தடவை அந்தப் பாதை ஒரு சவால். இரண்டு மூன்று தடவையில் அது மனப்பாடம். அதற்குப் பின் அந்த ஓட்டம் எதையும் கற்றுத் தருவதில்லை. சண்டையில் 'இந்த அடிக்கு முன்னால் அவள் கொஞ்சம் பின்வாங்குகிறாள்' என்று கண்டுபிடித்த சூடு, திரும்பி அந்த அறைக்கு வருவதற்குள் ஆறிவிடுகிறது. பாதையில் கவனம் சிதறி ஒரு முகமூடியை (இந்தக் கேமில் உயிரின் அளவு அதுதான்) இழந்தால், சண்டை தொடங்கும் முன்பே பாதித் தோல்வி.

இந்த ஓட்டம் மனதைத் தணிக்கிறது, பதற்றத்தைக் குறைக்கிறது என்று சிலர் வாதாடுவார்கள். எனக்குத் தணியவில்லை. வேறு யாருக்காவது தணியலாம், அவர்கள் பெஞ்சிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கட்டுமே.

இதற்கு மருந்தை நீங்களே 2018-இல் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்பதுதான் வேடிக்கை. 'காட்மாஸ்டர்' விரிவாக்கத்தின் ஹால் ஆஃப் காட்ஸில் ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு சிலை. தோற்றால் அதே இடத்தில் எழுந்து, உடனே மறுபடி சவால் விடலாம். அங்கே ரேடியன்ட் என்ற நிலையில் ஒரே அடி பட்டால் ஆட்டம் முடிந்தது. ஹாலோ நைட்டின் ஆகக் கடினமான சண்டைகளில் பல அங்கேதான் இருக்கின்றன. அதை 'எளிதாகிவிட்டது' என்று சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. நடை இல்லாததால்தான் அந்தக் கடினத்தை ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள், சொல்லப்போனால் விரும்பினார்கள்.

அடுத்தது இரட்டை அடி. ஹார்னெட்டுக்கு ஆரம்பத்தில் ஐந்து முகமூடிகள். பல பாஸ்களின் ஓர் அடிக்கு இரண்டு முகமூடி போகிறது, சிலரிடம் சும்மா உடம்பு உரசினாலே இரண்டு. ஆக மூன்றாவது அடியில் சாவு. சரி, தேடி அலைந்து நான்கு முகமூடித் துண்டுகளைச் சேர்த்து ஆறாவது முகமூடி வாங்கியாகிவிட்டது. இப்போது எத்தனை அடியில் சாவு? அதே மூன்று! நடுவில் காயத்தை ஆற்றிக்கொண்டால் கணக்கு சற்று மாறும், உண்மைதான். ஆனாலும் இது ஊர் சுற்றித் தேடும் கேம். மூலைமுடுக்கெல்லாம் துழாவி எடுத்து வந்த முதல் பெரிய பரிசு, நேருக்கு நேர் அடி வாங்கும்போது ஒரு மாற்றமும் தராமல் போவது தேடலையே கொச்சைப்படுத்துகிறது. சாவேஜ் பீஸ்ட்ஃப்ளை என்ற அந்தக் குண்டன் அறையெங்கும் முட்டிக்கொண்டு திரியும்போது இது நன்றாகவே உறைக்கும். அவனிடம் இருப்பது இரண்டு மூன்று தந்திரங்கள்தான், மீதியெல்லாம் அவன் உடம்பின் அகலம்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ஹாலோ நைட்டில் ஒரு தடவை ஆற்றினால் ஒரு முகமூடி. இங்கே பட்டு நூல் நிறைய இருந்தால் ஒரே மூச்சில் மூன்று, அதையும் அந்தரத்தில் பறந்தபடியே செய்யலாம். அதற்கு ஈடாகத்தான் அடியைக் கனமாக்கியிருப்பீர்கள். அந்தக் கொடுக்கல் வாங்கல் புரிகிறது. எதிரி ஓங்கி அடிக்கும் பெரிய அடிக்கு இரண்டு எடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். உரசலுக்கு ஒன்று போதும்.

கருவிகள் விஷயம் இதைவிட முரணானது. எறியும் கத்தி, பொறி, குண்டு என்று விதவிதமாகக் கொடுத்திருக்கிறீர்கள். இவற்றைப் பெஞ்சில் நிரப்ப ஷெல் ஷார்டு என்ற ஓட்டுத் துண்டுகள் வேண்டும். நன்றாக ஆடுகிறவன் ஒரே முயற்சியில் பாஸை முடித்துவிடுகிறான், அவன் பையில் ஷார்டுகள் வழிகின்றன. தடுமாறுகிறவனுக்குத்தான் கருவி தேவை. அவன் ஒவ்வொரு முயற்சியிலும் கருவியைக் கொட்டித் தோற்கிறான், கொஞ்ச நேரத்தில் பை காலி. பிறகு பாஸை விட்டுவிட்டு எங்கோ போய்ச் சின்னப் பிராணிகளை வெட்டி ஷார்டு சேர்க்கவேண்டும். கடைசி வெற்றி முயற்சிக்கு வைத்துக்கொள்வோம் என்று பலர் கருவியைத் தொடுவதே இல்லை. இவ்வளவு உழைத்துச் செய்த கருவிகள் பெட்டிக்குள் தூங்குவது உங்களுக்கே நஷ்டம்.

கேமின் காசான ரோசரி மணிகள்மேல் எனக்கு அந்த அளவு கோபம் இல்லை. காட்டுப் பிராணிகளை வெட்டினால் மணி கிடைப்பதில்லை, யாத்திரை போகும் பூச்சிகளிடம்தான் கிடைக்கிறது. பெஞ்சில் உட்காரவும் காசு, பயணத்துக்கும் காசு என்று பக்தியை வைத்துப் பிழைக்கும் ஒரு ராஜ்ஜியத்தின் லட்சணத்தை நம் பையிலேயே கைவைத்துக் காட்டுகிறீர்கள். ஹன்டர்ஸ் மார்ச்சில் உட்காரப் போனால் பொறியாக மாறும் பெஞ்சையும் மன்னித்தேன், நன்றாகச் சிரிக்கவும் செய்தேன்.

பைல்வாட்டர் என்ற சாக்கடைப் பகுதியை மன்னிக்க மாட்டேன். தண்ணீரில் விழுந்தால் புழுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. பட்டு நூல் தானாக ஊறுவது நின்றுவிடுகிறது. ஆற்றிக்கொள்ளப் போனால் புழு உதிர்வதோடு சரி, முகமூடி திரும்புவதில்லை. இதுவரை நல்ல யோசனை, குமட்டும் அளவுக்கு நல்ல யோசனை. ஆனால் பாஸுக்குப் பக்கத்தில் இருக்கும் பெஞ்சை ஒரு சுவருக்குப் பின்னால் ஒளித்து வைத்தீர்கள். தெரியாதவர்கள் அந்தச் சாக்கடை முழுவதையும் கடந்து, அலை அலையாக வரும் எதிரிகளைத் தீர்த்து, அதன்பின்தான் குரோல் என்ற அந்த பாஸைப் பார்க்கவே முடிகிறது. ரகசியமாக வைக்க எத்தனையோ இருக்கின்றன. இளைப்பாறும் இடம் அதில் ஒன்றாக இருக்கவேண்டுமா?

முட்டி மோதிக்கொண்டிருப்பவர்கள் வேறு வழியில் போய்ப் பார்க்கலாம், அந்தச் சுதந்திரம் கேமில் இருக்கிறது என்ற பொருளில் நீங்கள் பேசியிருக்கிறீர்கள். பெரும்பாலும் சரிதான். லாஸ்ட் ஜட்ஜைத் தொடாமலே சின்னர்ஸ் ரோடு, மிஸ்ட் என்ற பகுதிகள் வழியாகச் சிட்டாடலுக்குள் போக முடியும். ஆனால் அப்படி ஒரு வழி இருப்பது எத்தனை பேருக்கு முதல் ஆட்டத்தில் தெரிந்திருக்கும்? சுற்றி வந்த பிறகு கையில் இருப்பது அந்த ஆறாவது முகமூடி. அதன் கணக்கை மேலே போட்டுவிட்டேன்.

வெளியான சில நாளிலேயே முதல் திருத்தம் கொண்டுவந்தீர்கள். மூர்விங், சிஸ்டர் ஸ்ப்ளின்டர் என்ற இரண்டு பாஸ்களையும் கொஞ்சம் இளக்கினீர்கள், மணல் பிராணிகளின் அடியைக் குறைத்தீர்கள், சில பெஞ்சுகளின் கட்டணத்தையும் இறக்கினீர்கள். காது கொடுத்துக் கேட்டதற்கு நன்றி. ஆனால் என்னைக் கேட்டால் பாஸ்கள்மேல் கை வைத்திருக்க வேண்டாம். மூர்விங் பழையபடி வெறியோடு பறக்கட்டும். அவனிடம் தோற்றவன் பழையபடி ஓடவேண்டியிருந்தது, அங்கேதான் கத்தரியைப் போட்டிருக்கவேண்டும்.

ஆகவே, சீ ஆஃப் ஸாரோவில் எவ்வளவு பயங்கரமான பாஸை வேண்டுமானாலும் வையுங்கள். ரேடியன்ட் நிலைக்கு ஒப்பான எதையாவது வைத்தாலும் சரி. பாஸிடம் தோற்று எழும்போது கருவிகளை இலவசமாக நிரப்பிக் கொடுங்கள். கதவுக்கு முன்னால் ஒரு பெஞ்ச் போடுங்கள். அதற்கு ரோசரி கேட்டால்கூடப் பரவாயில்லை, கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
பிளாஸ்டட் ஸ்டெப்ஸைக் கண்ணை மூடிக்கொண்டே ஏறத் தெரிந்த ஓர் ஆட்டக்காரன்