திருகோணமலையில் பாடவிருக்கும் மகனுக்கு

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மகனுக்கு,

ஊரில் பாட அழைப்பு வந்திருக்கிறது என்றும், எங்களைக் கேட்ட பிறகே அவர்களுக்குப் பதில் சொல்வேன் என்றும் எழுதியிருந்தாய். கொழும்பிலும் மட்டக்களப்பிலும் பாடுவதற்கு ஒருவரையும் கேட்காத நீ சொந்த ஊருக்கு மட்டும் எங்கள் சம்மதத்தைக் கேட்பது எதற்காக என்று எனக்கு விளங்குகிறது. பெண்ணென்று பதியப்பட்டு ஆணாக வாழும் திருநம்பியான நீ இங்கே பாடினால் அயலார் கதைப்பார்கள், அப்பாவுக்குக் கோயிலடியில் சங்கடம் வரும், தங்கச்சியின் கலியாணப் பேச்சில் இந்த விடயம் வந்து நிற்கும் என்றெல்லாம் யோசித்திருக்கிறாய். நாங்கள் மூவரும் இருந்து பேசினோம். நீ வந்து பாட வேண்டும் என்பதுதான் எங்கள் முடிவு. அதற்கான காரணங்களைத் தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்லிவிட எனக்கு மனமில்லாததால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

உன்னுடைய பாட்டுகளில் சோதனைச் சாவடிப் பாட்டைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். பேருந்திலிருந்து இறக்கப்பட்ட ஒருவன் அடையாள அட்டையை நீட்டுகிறான். அட்டையில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது, எதிரே ஓர் இளைஞனின் முகம் இருக்கிறது, அட்டையைப் பிடித்திருப்பவர் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறார், பின்னால் நிற்கும் பயணிகள் எல்லாரும் அவனால் தாமதமாகிறதென்று முணுமுணுக்கிறார்கள். இந்தப் பாட்டை நீ திருநம்பிகளுக்காக எழுதினாய். ஆனால் போர்க்காலத்தில் அடையாள அட்டை இல்லாமல் படலைக்கு வெளியே கால் வைக்காமல் வாழ்ந்த எங்கள் தலைமுறைக்கு அதை விளக்கிச் சொல்ல ஒருவரும் தேவையில்லை. தன் பெயரைத் தானே சொல்லிவிட்டு, அது நம்பப்படுமா என்று காத்து நிற்பது எப்படியிருக்கும் என்பது மடத்தடிச் சந்தியிலும் மூதூர் வழியிலும் நின்றவர்களுக்குத் தெரியும். கொழும்பு மண்டபத்தில் கேட்டவர்கள் உன்மீது இரக்கப்பட்டுக் கைதட்டியிருப்பார்கள். இங்கே கேட்பவர்கள் தங்கள் சொந்த அனுபவத்தைக் கேட்பார்கள். நீ இங்கே பாட வேண்டும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பாடசாலையில் சங்கீதம் படிப்பித்தவள் என்ற வகையில் அந்தப் பாட்டின் அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோகனத்தில் தொடங்குகிறாய், அட்டை கைமாறும் இடத்தில் கிற்றாரின் அடிச்சுருதியைக் காந்தாரத்துக்கு நகர்த்துகிறாய், உடனே அது இந்தோளமாக ஒலிக்கத் தொடங்குகிறது. கிரகபேதம் என்று உயர்தர வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியது இதைத்தான். மோகனத்தின் ஐந்து சுரங்களில் ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் குறைக்காமல், அடிச்சுரமான சட்சமாகக் கொள்ளும் இடத்தை மட்டும் மாற்றினால் மத்தியமாவதியும் இந்தோளமும் சுத்தசாவேரியும் பிறக்கின்றன. பிள்ளைகள் பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்தார்கள். பாட்டின் பொருளே அதைக் கேட்கும் இடத்தில் நீ அதைப் பயன்படுத்தியிருக்கிறாய். இதைக் கவனித்து எழுதிய விமர்சனம் ஒன்றையும் நான் இதுவரை பார்க்கவில்லை; எல்லாரும் உன் உடலைப் பற்றியும் உன் துணிச்சலைப் பற்றியுமே எழுதுகிறார்கள். ஒரு பாடகனைப் பற்றி எழுதும்போது சங்கீதத்தை விட்டுவிட்டு எழுதுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

உன் குரலைப் பற்றி நான் பட்ட பயத்தை உனக்கு முழுவதுமாகச் சொன்னதில்லை. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளுக்கு நீ ஐந்தரைக் கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடிக்கொண்டிருந்தாய். ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டெரோன் ஊசி எடுக்கத் தொடங்கினால் குரல்நாண்கள் தடித்துக் குரல் இறங்கும், ஒருமுறை இறங்கியது மருந்தை நிறுத்தினாலும் பழைய இடத்துக்குத் திரும்பாது என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். பதின்ம வயதுப் பையன்களுக்குக் குரல்வளையும் சேர்ந்து வளர்ந்து தடித்த நாண்களுக்கு இடம் கொடுக்கிறது. வளர்ந்த பிறகு மருந்து எடுப்பவர்களுக்குக் குரல்வளை அந்த அளவுக்கு வளர்வதில்லை என்பதால், குரல் இறங்கினாலும் பாடும் வீச்சு ஒடுங்கிவிடக் கூடும். பாட்டையே தன் வாழ்க்கையாக எண்ணியிருக்கும் ஒருவன் இதைத் தெரிந்துகொண்டு அந்த முடிவை எடுப்பது சிறிய காரியமல்ல. உடைந்துகொண்டிருந்த குரலோடு நீ தொலைபேசியில் பாடிக் காட்டிய மாதங்களில், குரல் மாறும் பையன்களுக்கு வகுப்பில் சொல்வதைத்தான் உனக்கும் சொன்னேன்: மேல் சட்சத்தை எட்டிப் பிடிக்க முயலாதே, கீழ்ஸ்தாயியில் மந்தர பஞ்சமத்தில் நின்று பழகு, சரளி வரிசையை முதற் காலத்தில் அகாரமாகப் பாடு, தொண்டை இறுகினால் அன்றைக்கு நிறுத்திவிடு. நீ பொறுமையாகச் செய்தாய். இன்றைக்கு ஒரு கட்டை என்ற தாழ்ந்த சுருதியில் நின்று மந்தரத்தில் நீ நிரவல் செய்யும்போது வரும் கனம் முந்தைய குரலில் இருந்ததில்லை. தாய் என்பதற்காக இதைச் சொல்லவில்லை; பல வருடங்களாகப் பிள்ளைகளின் குரல்களைக் கேட்டுப் புள்ளி போட்டவளாகச் சொல்கிறேன். உன்னோடு பாடும் அந்தத் திருநங்கைப் பிள்ளைக்குப் பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரஜன் குரலை உயர்த்தித் தராது என்பதால், அவளுக்குப் பயிற்சி ஒன்றுதான் வழி. அவள் சம்மதித்தால் என்னோடும் கதைக்கச் சொல். அவளுக்கு ஏற்ற சாதகத்தை நான் எழுதித் தருகிறேன்.

பழைய ஒலிப்பதிவுகளை யூரியூப்பில் இருந்து நீக்குவதா விடுவதா என்பது உன் உரிமை. எதைச் செய்தாலும் அவற்றில் எந்தப் பெயர் இருக்க வேண்டும் என்பதை நீயே தீர்மானி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைப்பில் தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையையும் புனைபெயரைப் பயன்படுத்தும் உரிமையையும் படைத்தவருக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே பழைய பெயரைப் போட்டு உன் பாட்டை வெளியிடுபவர்களிடம் பெயரை மாற்றும்படி கெஞ்ச வேண்டியதில்லை; எழுத்தில் கேள்.

உன் வருமானத்தைப் பற்றியும் எனக்குக் கவலை இருக்கிறது. இந்த நாட்டில் தமிழில் பாடுகிறவர்கள் பெரும்பாலும் கலியாண வீடுகளையும் கோயில் திருவிழாக்களின் இன்னிசை நிகழ்ச்சிகளையும் நம்பியே வாழ்கிறார்கள். அந்தக் கதவுகள் உனக்கு மூடப்பட்ட பிறகு தொண்டு நிறுவனங்களின் கூட்டங்களே மிஞ்சியிருக்கின்றன. பால்புதுமையினர் பெருமை மாதமான ஜூனில் அழைப்புகள் குவிவதும் ஓகஸ்ட்டில் ஒன்றும் இல்லாமற் போவதும் நல்லதாக எனக்குப் படவில்லை. திருநங்கையான பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் தஞ்சைக் கிட்டப்பா பிள்ளையிடம் கற்று, 2019இல் பத்மஸ்ரீ பெற்று, இன்று எந்தச் சபாவிலும் அவருடைய அபிநயத்தைப் பற்றியே முதலில் பேசும்படி ஆடுகிறார். உனக்கும் அப்படியான இடம் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கூட்டம் தொடங்க முன் ஒரு பாட்டு, முடிந்த பின் ஒரு பாட்டு என்று அழைப்பவர்களிடம் முழுக் கச்சேரி கேள். சன்மானத்தையும் முன்கூட்டியே பேசிக்கொள். கிண்ணியாப் பாட்டையும் விடாமல் பாடு. 2009இல் பாலம் திறக்கப்படுவதற்கு முன் பாதை என்று நாங்கள் சொல்லும் படகில் ஏறிக் களப்பைக் கடந்ததையும், அதில் மீன்பெட்டியும் மோட்டார் சைக்கிளும் பாடசாலைப் பிள்ளைகளும் நெருங்கி நின்றதையும் பாடுகிற அந்தப் பாட்டில் நீ யார் என்ற கேள்வியே எழுவதில்லை. எல்லாப் பாட்டும் உன்னைப் பற்றியே இருக்க வேண்டும் என்று எந்த உரிமை இயக்கமும் உன்னிடம் எதிர்பார்க்கக் கூடாது.

திருநர் உரிமை இயக்கத்தை விட்டுவிடு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. நீ சொல்லித்தான் எனக்கு இந்தச் சட்டங்கள் தெரியவந்தன. பிரித்தானியர் 1883இல் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையில், ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கும் 365ஆம், 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 1995இல் செய்த திருத்தம் ஆண்களுக்கு மட்டும் இருந்த குற்றத்தைப் பெண்களுக்கும் விரித்ததேயன்றி ஒருவரையும் விடுவிக்கவில்லை. திருநர்களைப் பிடிக்க ஆள்மாறாட்டத்தைக் கூறும் 399ஆம் பிரிவும், 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் பயன்படுத்தப்பட்டிருக்கின்றன. 365ஆம், 365அ பிரிவுகளை மாற்றக் கொண்டுவரப்பட்ட சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றத்தின் தீர்மானம் வெளியானபோது, நீ தொலைபேசியில் அழுததும் எனக்கு நினைவிருக்கிறது. அந்தச் சட்டமூலம் நிறைவேறாமற் போனது உன்னை எவ்வளவு சோர்வடையச் செய்தது என்பதும் தெரியும்.

ஆனால் இந்த ஊர் மேடையில் பிரிவு இலக்கங்களை அடுக்குவதைவிட, 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையைப் பற்றிச் சொல். உளமருத்துவ நிபுணரிடம் போய்ப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம், அதைக் கொண்டு பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம், அதன் பிறகு அடையாள அட்டையை மாற்றலாம் என்ற ஒழுங்கு இங்கே எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? மண்டபத்தில் உன்னைப் போன்ற பிள்ளை ஒன்று இருக்கலாம். அந்தப் பிள்ளையின் தாயும் இருக்கலாம். உன்னிடம் வந்து கேட்கக் கூச்சப்படும் தாய் என்னிடம் வருவாள். நிகழ்ச்சி முடிந்ததும் நான் வாசலில் இருப்பேன் என்று மேடையில் அறிவித்துவிடு. பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று விளங்காமல் ஆஸ்பத்திரியிலும் சாத்திரியாரிடமும் மாறி மாறி அலைந்தவள் நான். அந்த அலைச்சலில் ஒரு பாதியையாவது இன்னொரு தாய்க்கு மிச்சப்படுத்த முடியுமென்றால் அதைவிட வேறென்ன வேண்டும்?

கோயிலை நினைத்து நீ தயங்க வேண்டாம். சம்பந்தர் இராமேசுவரத்தில் நின்றபடியே கோணமாமலையைப் பாடினார் என்பது மரபு. அந்தப் பதிகத்தைப் புறநீர்மைப் பண்ணில் நான் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நீயும் மூன்றாம் வகுப்பில் பாடினாய். மலைமகளைத் தன் பாகமாகக் கொண்ட வடிவினர் என்றுதான் முதற் பாட்டே இறைவனைச் சொல்கிறது. இதை யாரோடும் வாதாடுவதற்கு நான் எடுத்துக்கொள்வதில்லை. அந்த வடிவத்தை வணங்கிவிட்டு அயல்வீட்டுப் பிள்ளையை ஏசுகிறவர்களும் இருக்கிறார்கள். கிழக்கு மாகாணத்துக் கூத்துகளில் ஆண்கள் பெண் வேடம் கட்டி விடிய விடிய ஆடியதைப் பார்த்து மகிழ்ந்தவர்களும் உன்னை ஏற்கத் தயங்குகிறார்கள், ஏனெனில் அது வேடம், விடிந்தால் கலைந்துவிடும். ஆனாலும் என் வழிபாட்டுக்கும் என் பிள்ளைக்கும் இடையில் ஒரு பிணக்கும் இல்லை. அப்பாவுக்கும் இல்லை. போன வெள்ளிக்கிழமை கோயில் வீதியில் ஒருவர் உன்னைப் பற்றி விசாரித்தபோது, "என்ர மகன் கொழும்பில பாடுறான்" என்று அப்பா சொன்னார். கேட்டவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தங்கச்சியும், தன் அண்ணனை மறைத்துத்தான் நடக்க வேண்டுமென்றால் அந்தக் கலியாணமே வேண்டாம் என்று எங்கள் முன்னிலையில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். ஆகவே எங்களுக்காக நீ போட்ட கணக்கை இனி விட்டுவிடு.

பாதுகாப்பைப் பற்றிச் சில விடயங்களில் நான் கண்டிப்பாக இருப்பேன். இரவு ரயிலில் தனியாக வரக் கூடாது. உன்னோடு வாசிக்கும் பிள்ளைகளுடன் சேர்ந்து வா, எல்லாரும் நம் வீட்டிலேயே தங்கலாம். நிகழ்ச்சி முடிந்ததும் வெளியே நின்று கதைக்காமல் அப்பாவோடு ஓட்டோவில் ஏறிவிட வேண்டும். காணொளிகளுக்குக் கீழே எழுதப்படும் வசவுகளைப் படுக்கப் போகுமுன் வாசிக்கும் பழக்கத்தையும் நிறுத்து. மிரட்டல் வந்தால் மட்டும் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் கொடு.

அம்மம்மா சாம்பல்தீவிலிருந்து வருவா. பேரன் பாடுவதைக் கேட்க முன்வரிசையில் இடம் வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டா. கச்சான் காற்று அடிக்கிற காலம் என்பதால் தொண்டை வறளும். சுடுதண்ணீர்ப் போத்தல் மேடையில் இருக்கட்டும். ஒரு கட்டையா ஒன்றரையா என்று முடிவானதும் மிருதங்கக்காரத் தம்பிக்கு நேரத்தோடு அறிவித்துவிடு. பாட்டு வரிசையை எனக்கு அனுப்பு. சோதனைச் சாவடிப் பாட்டைக் கடைசியில் வைக்காதே, நடுவில் வை. அதற்குப் பிறகு கிண்ணியாப் பாட்டைப் பாடினால் சனம் உன்னோடு சேர்ந்து பாடும்.

அன்புடன்,
அம்மா