தாயத்து உங்களுக்கு அழகுக் கூடையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சுமத்ரா பயணக் கட்டுரையில் நியாஸ் தீவு வாள் படத்துக்குக் கீழே ‘டிராகன் தலைப் பிடி; உறையில் அழகுக்காகக் கட்டிய பிரம்புக் கூடை’ என்று போட்டிருக்கிறீர்கள். அழகுக்காக! குழந்தை அரைஞாணில் கோத்த தாயத்தையும் ஃபேஷன் நகை என்றுதான் எழுதுவீர்களோ?

2005 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு, வீடு கட்டும் வேலைக்காக நியாஸின் குனுங்சித்தோலி நகரில் ஏழு மாதம் இருந்தவன் நான். அங்கே ஒரு பெரியவர் வீட்டில் அந்த வாளைப் பார்த்தேன். உறையில் ஆரஞ்சுப் பழ அளவுக்கு ஒரு பிரம்பு உருண்டை. அதைச் சுற்றிப் பழுப்பேறிய புலிப்பல், முதலைப்பல். நடுவில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு மரப்பொம்மை. ஆசையாகத் தொடப் போனேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. உருண்டை தன் பக்கம் வரும்படி வாளைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

நியாஸில் புலியே கிடையாது என்பது தாங்கள் அறியாததல்ல. பல் சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வர வேண்டும். வெறும் அழகுக்கு யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்? அந்த உருண்டை காப்புக்குக் கட்டிய தாயத்து. பிடியில் வாயைப் பிளந்து நிற்பதும் டிராகன் இல்லை, நியாஸ் மக்கள் காவலாக நம்பும் புராண விலங்கான லாசாரா. தெற்கு நியாஸின் பாவோமத்தாலுவோ கிராமத்துத் தலைவர் வீட்டு முகப்பிலும் அதே தலைதான் காவல் இருக்கிறது.

இது முதல் தடவையும் இல்லை. முன்பு ஒருமுறை, இந்தோனேசியக் குத்துவாளான கெரிஸ் என்றாலே பாம்பு மாதிரி வளைந்துதான் இருக்கும் என்று எழுதினீர்கள். மேற்கு சுமத்ராவின் மினாங்கபாவு மக்களுடைய கெரிஸ் பஞ்சாங் (பஞ்சாங் என்றால் நீளம், பெயரிலேயே இருக்கிறது) ஒல்லியாக, நேராக நீளும். ஜாவாவிலும் நேர் கெரிஸ் உண்டு. அது அசையாமல் கிடக்கும் நாகம், வளைந்தது ஊரும் நாகம் என்பார்கள். வளைவு இருந்தால் ஒற்றைப்படையில்தான் இருக்கும். உங்கள் ஓவியர் தாராளமாக எட்டு போட்டிருந்தார். அன்றே கடிதம் எழுதினேன். அதில் பாராட்டிய இரண்டு வரி மட்டும் அச்சில் வந்தது. சரி, அதற்கும் நன்றி.

இந்தோனேசியா என்றால் பாலி கடற்கரை என்று இருபது வருடமாக எழுதுகிறீர்கள். அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

அடுத்த இதழில் இரண்டே வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், அந்தப் பழைய கடிதத்தோடு அனுப்பிய வாளின் புகைப்படம் என்னிடம் இருந்த ஒரே பிரதி. தபால்தலை ஒட்டி, விலாசம் எழுதிய கவரும் உள்ளே வைத்திருந்தேன்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
கும்பகோணம்.